‘எல்லா சாமியும் ஒண்ணுதான்’ என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் டப்பாவில் கொழுக்கட்டை கொண்டுபோயிருக்கிறான். பக்கத்தில் உட்காரும் முஸ்லிம் நண்பன், “சாமிக்குப் படைச்சதை சாப்பிடக் கூடாதுன்னு வாப்பா சொல்லியிருக்காங்க” என்று வாங்க மறுத்துவிட்டான். வீட்டுக்கு வந்த மகன், “எல்லா சாமியும் ஒண்ணுதான்னு நீதானேம்மா சொன்னே, அப்புறம் ஏன் அவன் நம்ம பிள்ளையாரை மதிக்கலை?” என்று கேட்டதும் உங்களுக்குப் பதில் வரவில்லை. பிற மதத்தை மதிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அதைப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டாமா, செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இன்னொன்று என்று நினைக்கிறேன். நல்ல எண்ணத்தோடு சொல்லிக்கொடுத்த பாடமே சண்டைக்குக் காரணமாகிவிட்டதே, அது எப்படி?

நாகப்பட்டினம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தவள் நான். நாகூரும் வேளாங்கண்ணியும் காயாரோகணசுவாமி கோயிலும் ஒரே பஸ் ரூட்டில் இருக்கிற ஊர். ‘எல்லாம் ஒண்ணுதான்’ பாடத்தை நானும் பத்து வருடமாவது நடத்தியிருப்பேன். அது தவறான பாடம் என்பது என் தீர்மானமான கருத்து. பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. எல்லாம் ஒன்றா இல்லையா என்பது பெரியவர்களே முடிவு காணாத தத்துவக் கேள்வி, அது ஒருபுறம் இருக்கட்டும். ‘ஒண்ணுதான்’ என்று கேட்டு வளரும் குழந்தை முதல் வித்தியாசத்தைப் பார்த்ததும் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் மகனுக்கு நடந்தது அதுதான். ஒன்றாக இருக்க வேண்டியவன் ஒன்றாக இல்லையே என்ற கோபம். ‘அவங்க வீட்டு வழக்கம் வேற, நம்ம வீட்டு வழக்கம் வேற’ என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் கொழுக்கட்டையைத் தானே தின்றுவிட்டு விளையாடப் போயிருப்பான்.

முதலில் அந்தப் பையன் மறுத்ததைப் பார்ப்போம். இறைவன் அல்லாத ஒன்றின் பெயரில் அர்ப்பணிக்கப்பட்டதை உண்ணக்கூடாது என்பது குர்ஆனிலேயே உள்ள விலக்கு. அங்கே பேச்சு முக்கியமாக இறைச்சியைப் பற்றியது. அதைப் படையல் பலகாரத்துக்கும் பொருத்திப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு, வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கும் இது பழைய கேள்விதான். சிலைகளுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து நகரத்துச் சபையார் கேட்டதற்குப் பவுல் நீண்ட பதில் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் விபூதி வாங்கும் கிறிஸ்தவரையும் பார்த்திருக்கிறேன், பொங்கலைக்கூட வேண்டாம் என்பவரையும் பார்த்திருக்கிறேன். இதில் உங்கள் மகன் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வேண்டாம் என்றவன் பிள்ளையாரை அவமதிக்கவில்லை, தன் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். ‘நீ உன் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறப்ப அவங்க மாட்டுக்கறி வெச்சா என்ன சொல்வே?’ என்று கேட்டுப் பாருங்கள் (உங்கள் வீட்டில் அது வழக்கமில்லை என்றால்). ‘வேண்டாம்னு சொல்வேன்’ என்பான். ‘அப்ப நீ அவங்களை அவமானப்படுத்தறியா?’ என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். நமக்குத்தான் விளங்க நேரமாகிறது.

‘சகிப்புத்தன்மை’ என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. சித்திரை வெயிலைச் சகிக்கிறோம், கொசுக்கடியைச் சகிக்கிறோம். பக்கத்து பெஞ்சுப் பையனைச் சகிப்பது என்ன மரியாதை? பாடநூலில் அந்தச் சொல் வந்தால் நடத்தித்தான் ஆகவேண்டும். வகுப்பில் நான் புழங்கிய சொற்கள் ‘தெரிஞ்சுக்கறது’, ‘கேட்டுக்கறது’, ‘விட்டுடறது’. அவன் என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள். புரியாவிட்டால் அவனிடமே கேள். உனக்கு ஒத்துவராவிட்டால் அவன் போக்கில் விட்டுவிடு.

கேட்டுக்கொள்வதற்கு நம் மொழியிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது, எட்டாம் வகுப்புக்கு மேல் நான் தவறாமல் சொல்வேன். உ.வே.சாமிநாதையர் சைவ மடத்தில் கல்வி கற்றவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ‘சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா’ என்று கேட்டார். படிக்கவில்லை. படிக்க உட்கார்ந்தால், சமண நூல் என்பதால் பல இடங்கள் விளங்கவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளைத் தேடிப்போய் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர்கள் தங்கள் நூல்களைக் கொண்டு விளக்கினார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதற்காக அவர் சமணராகிவிடவில்லை, தம் வழிபாட்டை விடவும் இல்லை. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைத்திருந்தால் அந்தத் தெருவுக்குப் போயிருக்கவே மாட்டார், தமக்குத் தெரிந்ததை வைத்தே உரை எழுதியிருப்பார். வேறு என்று தெரிந்ததால்தான் கேட்கப் போனார்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? நான் வைத்திருந்தது ஒரு பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் துளை. அடுத்தவர் வழக்கம் பற்றி எது வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் திறப்போம். ‘சர்ச்ல குடுக்கற அப்பம் இனிக்குமா?’ ‘விபூதியை எதுல செய்றாங்க?’ ‘முஸ்லிம்கள் காபாவைக் கும்பிடறாங்களா?’ ‘சமணர்கள் ஏன் உருளைக்கிழங்கு சாப்பிட மாட்டாங்க?’ ‘அய்யனார் கோயில்ல கிடா வெட்டினா சாமி சாப்பிடுமா?’ என்றெல்லாம் வரும். சிரிப்பு வரும், ஆனால் ஒன்றுகூடக் கெட்ட கேள்வி இல்லை. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை, அந்தச் சமயத்தார் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வெள்ளி சொல்வேன். காபா முஸ்லிம்கள் தொழும்போது நோக்கி நிற்கும் திசை, அவர்கள் வணங்குவது அந்தக் கட்டடத்தை அல்ல என்பதை நான் சரியாகச் சொல்லக் கற்றதே அப்படித்தான்.

பதில் சொல்லும்போது ஒரு இலக்கணம் கவனிக்க வேண்டும். தமிழில் ‘ஆம்’ என்று ஒரு விகுதி இருக்கிறதே, அது பொல்லாதது. ‘செத்தவர் மூணாம் நாள் எழுந்தாராம்’, ‘கல்லுக்குள்ள சாமி இருக்குதாம்’, ‘ஒரே ராத்திரில ஏழு வானம் போனாராம்’. சொல்லும் செய்தி ஒன்றாக இருந்தாலும், அந்த ‘ஆம்’ ஒட்டியதும் பின் பெஞ்சில் கிசுகிசுச் சிரிப்பு கேட்கும். அதே செய்தியை ‘என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்’, ‘என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை’ என்று முடித்தால் சிரிப்பு வராது. ஆசிரியர் தன்னுடைய நம்பிக்கையைச் சொல்லும்போதும் இதே முடிப்புதான் போட வேண்டும். பலர் தவறுவது அங்கேதான். அடுத்தவருடையதை ‘நம்புகிறார்கள்’ என்று முடிப்பார்கள், தன்னுடையதை ‘நடந்தது’ என்று முடிப்பார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு உடனே எடைபோட்டுவிடுவார்கள். ‘உங்க ஆளுங்க’, ‘நம்ம ஆளுங்க’ என்ற பேச்சும் அப்படித்தான். ஆசிரியர் ஓய்வறையில் வரும் அந்தச் சொல் வகுப்பறைக்கு நடந்து வர வெகுநேரம் ஆகாது.

சின்ன வகுப்புகளில் நம்பிக்கைகளை விளக்கவே வேண்டியதில்லை. என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது பட்டினி இருக்கிறார்கள், அப்பாவை என்னவென்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவு போதும். நடுநிலை வகுப்பில் நான் சொற்களைப் பிடித்துக்கொள்வேன். நோன்பு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் ஆண்டாளின் பாவை நோன்பும் வரும், ரமலான் நோன்பும் வரும், சமணரின் நோன்பும் வரும். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். இன்று நாம் பள்ளிக்கூடம் என்கிறோம், முஸ்லிம்கள் பள்ளிவாசல் என்கிறார்கள். சமயங்கள் ஒன்று என்று இதனால் ஆகிவிடாது. ஒரே ஊர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் சரி.

பெரிய வகுப்பில் வரலாறு. இங்கே ஆசிரியர்கள் இனிப்பு மட்டும் பரிமாறுகிறார்கள், அது சரியில்லை. சைவரான முதலாம் இராசராசன், கடல்கடந்த சுமத்ராப் பகுதியின் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரை என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடு நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டனில் இருந்தது. நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இவை சான்றுள்ள செய்திகள், பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அதே நாகப்பட்டினத்தில் பௌத்தக் கட்டடத்தின் கடைசி மிச்சமாக நின்ற பழைய கோபுரம் 1867-இல் யேசு சபையினரால் அரசு அனுமதியோடு இடிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவாரத்தில் சமணரை இகழும் பாடல்கள் இருக்கின்றன என்பது எவரும் புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூடிய செய்தி. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்பது வேறு வகை. அது சைவ மரபு சொல்லும் கதை, அப்படியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், இது சான்று, இது மரபுக்கதை என்று பிரித்துக் காட்டினால் பதினான்கு வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். நாம் மறைத்தால், வாட்ஸ்அப்பில் வேறு யாரோ தங்கள் வசதிக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 20 நல்லிணக்க நாள் உறுதிமொழிக்கு மூன்று பிள்ளைகளைக் கைகோத்து நிறுத்துவோமே, ஒருவன் நெற்றியில் பட்டை, ஒருவன் தலையில் தொப்பி, ஒருத்தி கழுத்தில் சிலுவை. நானும் வருடா வருடம் நிறுத்தினேன். ஒரு வருடம் தொப்பிக்காரப் பையன் என் மேசைக்கு வந்து, “டீச்சர், ஒரு தடவையாவது நான் பாரதியார் வேஷம் போடறேனே” என்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் அதே தொப்பியோடுதான் மேடை ஏறியிருக்கிறான். அன்றாடம் அவன் தொப்பி போடுவதே இல்லை. அந்த வருடம் அவனுக்கு முண்டாசு கட்டிவிட்டேன், மீசை மட்டும் நிற்கவே இல்லை. இன்னொரு தவறு, வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் மாணவியை எழுப்பி ‘ரமலான் பத்தி எல்லாருக்கும் சொல்லும்மா’ என்றது. அவளுக்குத் தெரிந்தது கஞ்சியும் புதுச்சட்டையும்தான். மற்றவர்கள் கேள்வி கேட்கக் கேட்க அழுதுவிட்டாள். பத்து வயதுக் குழந்தையை ஒரு மதத்தின் தூதராக நிறுத்தியது என் சோம்பேறித்தனம். படித்துவிட்டுச் சொல்ல வேண்டியவள் நான்.

மூன்றாவது, கொஞ்சம் நுட்பமானது. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு இந்துக்களும் போகிறார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னபோது ஒரு மாணவன், “எங்க வீட்ல தர்காவுக்கே போகக் கூடாதும்பாங்க டீச்சர்” என்றான். எனக்கு முகம் மாறியது. அவன் அதைக் கவனித்தான். தர்காவுக்குப் போகும் முஸ்லிம் நல்ல முஸ்லிம், போகாதவர் கடுமையானவர் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன் அல்லவா? நமக்குப் பிடித்த விதத்தில் நம்புகிறவரை மட்டும் மதிப்பது மதிப்பே இல்லை. பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளை பொட்டு வைக்க மறுப்பதும், சாமி இல்லை என்று சொல்லும் பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளை கைகூப்ப மறுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். நம்பாதவர்களை இந்தப் பாடத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதுவும் இந்தத் தமிழ்நாட்டில்! கிடாவெட்டு வைக்கும் குலதெய்வக் கோயிலை ‘சின்ன சாமி’ என்று அதே மதத்துப் பிள்ளைகளே கேலி செய்வதையும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கேலிக்குள் இருப்பது பெரும்பாலும் சாதி.

சட்டம் பற்றி. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28-ஆவது உறுப்பு. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் மற்றப் பள்ளிகளிலும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஒரு பிள்ளையைக் கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு என்று அருணா ராய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே உங்கள் மகனின் ஆசிரியர் வகுப்பில் ஈதையும் ஈஸ்டரையும் சதுர்த்தியையும் விளக்கத் தடையில்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடாமல் நிற்பது அவமதிப்பு ஆகாது என்ற அந்தத் தீர்ப்பும், கொழுக்கட்டையை வாங்காதது அவமதிப்பு ஆகாது என்று நான் மேலே சொன்னதும் ஏறக்குறைய ஒரே வாதம்தான். நான் வக்கீல் இல்லை. உங்கள் பள்ளியில் குறிப்பிட்ட சிக்கல் ஏதாவது வந்தால் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பீர்கள். இங்கே உறுதியானதையும் அல்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். வெவ்வேறு குழுவினர் சமமான நிலையில், ஒரே வேலையில் சேர்ந்து உழைத்தால் வெறுப்பு குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னார். பிறகு ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளியான மதிப்பாய்வும் பொதுவாக அதை ஆதரிக்கிறது, விளைவின் அளவு மிதமானதுதான் என்றாலும். டெக்சாஸில் எலியட் ஆரன்சன் 1971-இல் தொடங்கிய ஒரு முறையில் பாடத்தைத் துண்டு துண்டாக்கிக் குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள், அடுத்தவன் சொல்லாமல் உனக்குப் பாடம் முழுமையாகாது. நாகப்பட்டினம் துறைமுகப் பாடத்தை நான் அப்படி நடத்தினேன். மத நல்லிணக்கம் என்ற வார்த்தையே அதில் வராது, ஆனால் உட்காரும் இடம் கலைந்துவிடும். சுவரில் ‘யாதும் ஊரே’ எழுதிவைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் கூட்டமாக உட்காருவதைக் கண்டும் காணாமல் இருப்பதைவிட இது மேல்.

ஆனால் எல்லை உண்டு. ஐ.எஸ். அமைப்பின் வன்முறைக்குப் பிறகு ஈராக்கில் கிறிஸ்தவ, முஸ்லிம் வீரர்களைக் கலந்து கால்பந்து அணிகள் அமைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. கலந்த அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள் பல மாதம் கழித்தும் முஸ்லிம் வீரர்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் இருக்கும் இடங்களுக்குப் போவதில் பெரிய மாற்றம் இல்லை. என் அனுபவமும் அதுதான். ‘அவன் நல்லவன் டீச்சர், ஆனா அவங்க ஆளுங்க...’ என்று இழுக்கும் பேச்சைப் பதினைந்து வயதில் கேட்டிருக்கிறேன், ஐந்து வருடம் ஒன்றாகக் கபடி ஆடிய பிள்ளைகளிடமிருந்து. நட்பு தானாகப் பரவாது, கூடவே தகவலும் பேச்சும் வேண்டும். வீட்டில் இரவு டிவி முன்னால் வேறு பாடம் நடந்தால் பள்ளிப் பாடம் எவ்வளவு நிற்கும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்னொன்று, நான் பேசுவது கலந்து வாழும் கடற்கரை ஊரின் அனுபவம். ஒரே சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியில் பிஸ்கட் டப்பா என்ன செய்யும் என்று சோதித்துப் பார்த்ததில்லை.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை மதத்தைச் சொல்லித் திட்டிவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். காலைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதில் பயனில்லை, மறுபடி சொல்வான், மெதுவாகச் சொல்வான். அன்றைக்கே, தனியே, ‘இந்த வார்த்தையை எங்கே கேட்டே?’ என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பெரியவர் ஒருவர் பெயர் வரும். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. திட்டு வாங்கிய பிள்ளையிடமும் அன்றே பேச வேண்டும். ‘விடு, விளையாட்டுக்குச் சொன்னான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். மகனிடம், ‘ஒண்ணுதான்னு அம்மா சொன்னது சரியில்லை, வேறவேறதான்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அம்மா திருத்திக்கொள்வதைப் பார்ப்பது அவனுக்கு நல்லது. எங்கள் தெருவில் தீபாவளிக்கு முறுக்கு சுட்டால், சாமிக்கு எடுத்துவைக்கும் முன்பே பக்கத்து மரைக்காயர் வீட்டுக்கென்று ஒரு தட்டு தனியாகப் போகும். படைக்காதது என்று சொல்லிக் கொடுப்போம். பெருநாளில் அவர்கள் வீட்டுப் பிரியாணி வரும்போது, ‘ஆட்டுக்கறிதான் அக்கா’ என்று அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை நீங்களும் அப்படி எடுத்துவைக்கலாம். அதற்கு முன்னால் அந்தப் பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை போனில் கேட்டுவிடுங்கள், ‘படைக்காம எடுத்துவெச்சா தம்பி சாப்பிடுவானா?’ என்று. ‘சாப்பிடுவான்’ என்றால் இன்னும் நாலு கொழுக்கட்டை சேர்த்து வையுங்கள். ‘வேண்டாங்க’ என்றால் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்புங்கள்.